விடாமல் உதைக்கும் பட்டன்

நாற்பதைத் தாண்டியவர்களே, உங்கள் கட்டைவிரல்கள் எப்படி இருக்கின்றன? என்னுடையது காலையில் மடங்க மறுக்கிறது. எலும்பு டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப போன் நோண்டுவீங்களாம்மா?" என்று கேட்டார். அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். இந்த விரல் தேய ஆரம்பித்தது போனில் இல்லை, டிவி கேம் ரிமோட்டில் என்று சொன்னால் அவருக்கு விளங்காது. உங்களுக்கு விளங்கும்.

என் மகன் வைத்திருப்பதை ரிமோட் என்று சொன்னால் சிரிக்கிறான். கன்ட்ரோலராம். இரண்டு பக்கமும் கைப்பிடி இறங்கி, உள்ளங்கைக்குள் தானாக வந்து உட்காருகிறது. ஆள்காட்டி விரலுக்குக்கூட அதில் தனி பட்டன் இருக்கிறது. நம்முடையது சோப்புப் பெட்டி போல ஒரு சதுரக் கட்டை. நாலு மூலையும் குத்தும். ஒரு மணி நேரம் பிடித்திருந்தால் உள்ளங்கையில் சிவப்பாகப் பள்ளம் விழுந்துவிடும். இடது பக்கம் பிளஸ் குறி போல திசைப் பட்டன். அதைத் தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரலில் கொப்புளம் வரும் என்பதால், நான் பாவாடை நுனியை விரலுக்கும் பட்டனுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு விளையாடுவேன். நன்றாக வழுக்கும். வலது பக்கம் நாலு பட்டன். கீழே இருக்கும் இரண்டில் ஒன்று குத்தும், ஒன்று உதைக்கும். அவற்றுக்கு மேலே இருக்கும் இரண்டை அமுக்கிப் பிடித்தால் விடாமல் குத்தும், விடாமல் உதைக்கும்.

நடுவில் கறுப்பு ரப்பரில் ஸ்டார்ட், செலக்ட் என்று இரண்டு. அவை ஒண்ணாம் ரிமோட்டில் மட்டும்தான் உண்டு. ரெண்டாம் ரிமோட்டில் அந்த இடம் மொழுக்கென்று இருக்கும். எங்கள் வீட்டில் ரத்தம் சிந்தியதெல்லாம் அந்த மொழுக்கென்ற இடத்தால்தான்.

என் அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பதினொன்று. மூத்தவன் என்பதால் ஒண்ணாம் ரிமோட் அவனுக்கு எழுதி வைத்த சொத்து. நாங்கள் விளையாடியது இரண்டு பேர் சட்டையில்லாமல் அடித்துக்கொள்ளும் ஆட்டம். அவன் ஆள் சாகப் போகும் நேரத்தில் சரியாக ஸ்டார்ட்டை அமுக்குவான். படம் அப்படியே உறைந்து நிற்கும். என் ஆளின் கால் அவன் ஆளின் தாடைக்கு அரையடி முன்னால் அந்தரத்தில் நிற்கும். "தண்ணி குடிச்சுட்டு வாரேன்" என்று எழுந்து போவான். அவன் திரும்பி வரும்போது எனக்குத் தாளம் தப்பியிருக்கும்.

நான் அடங்குகிற பிள்ளை இல்லை. ஒரு முறை அவன் தோளில் பல் பதியக் கடித்தேன். அவன் ரெண்டாம் ரிமோட்டின் ஒயரை என் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி இழுத்தான். அம்மா கரண்டியோடு ஓடி வந்து, யார் எவர் என்று பார்க்காமல் இரண்டு பேரையும் சாத்தினார். அப்பா அதற்கும் மேலே. வீட்டு முன்னாலிருந்த அவருடைய பட்டறைச் சுவரில் பழைய ஃபேன் பெல்ட் ஒன்று தொங்கும். அது காற்றில் வரும் சத்தத்திலேயே எனக்கு மூத்திரம் வந்துவிடும். அந்த முழு ஆண்டு லீவில் என் தொடையில் பெல்ட் தடிப்பு இல்லாத வாரம் கிடையாது.

நாங்கள் இருந்த கணபதி ஏரியாவில், எங்கள் தெருவில் பாதி வீடுகள் முன்னால் பட்டறை, பின்னால் வீடு என்றுதான் இருந்தன. எங்கள் பட்டறையில் ஒரு பவர் பிரஸ் இருந்தது. தகடு வெட்டி, பம்ப் மோட்டாருக்கு மூடி அடிக்கிற மிஷின். அது ஒவ்வொரு முறை இறங்கும்போதும் டிவியில் படம் ஒரு குதி குதிக்கும். அதற்கேற்ற மாதிரி உதைக்கக்கூட நாங்கள் பழகியிருந்தோம்.

அதை ஓட்டியது என் மாமா. அம்மாவின் தம்பி. அன்னூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. டிவி கேமே அவர் தீபாவளி போனஸில் டவுன்ஹால் பக்கம் போய் வாங்கி வந்ததுதான். எங்கள் இருவரையும் ஒருபோதும் கை நீட்டி அடிக்காத ஒரே பெரிய ஆள் அந்த வீட்டில் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சண்டையை நிறுத்த அவர் ஒரு வித்தை செய்வார். ஒண்ணாம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ரெண்டாம் ரிமோட்டைத் தரையில் போட்டு, கால் பெருவிரலால் உதைப் பட்டனை அமுக்குவார். திரையில் இரண்டு ஆட்களையும் அவரே ஆட்டி, அவரையே அவர் அடித்துக் கொன்றுவிட்டு, "ரெண்டும் நானே தோத்தேன், போங்க" என்பார். நாங்கள் உருண்டு சிரிப்போம்.

பிரஸ்ஸுக்கு முதலில் கால் மிதிதான் இருந்தது. பக்கத்துப் பட்டறையில் ஒருவருக்கு விரல் போன பிறகு, அப்பா கால் மிதியைக் கழற்றிவிட்டு மேஜையின் முன்பக்கம் ஒரு நீளமான சுவிட்ச் பெட்டி மாட்டினார். இரண்டு ஓரத்திலும் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை பட்டன். நான் தொட்டுப் பார்க்கப் போன ஒரு நாள் மாமா விளக்கினார்.

"ரெண்டு கையும் ரெண்டு பட்டன் மேல இருந்தாத்தான் இது இறங்கும் அம்மணி. ஒரு கை உள்ள இருந்தா இறங்காது. அதுக்குத்தான் இத்தன தள்ளித் தள்ளி வெச்சிருக்கறது."

"கையைப் பிரிச்சுப் பிடிக்கிறதுக்கு வலிக்காதுங்களா மாமா?"

"வலிக்கட்டுமே. கை இருந்தாத்தானே வலிக்கும்?"

பட்டன்கள் எதற்காக எங்கே இருக்கின்றன என்று எனக்கு யோசிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

மே மாதம் ரெண்டாம் ரிமோட்டில் அந்த விடாமல் உதைக்கும் பட்டன் செத்துப்போனது. நான் அடித்த அடி அப்படி. அழுதுகொண்டே அப்பாவிடம் கொண்டுபோனேன். அப்பாவுக்கு எதையும் புதிதாக வாங்குவது பிடிக்காது. எல்லாவற்றையும் அவரே திறந்து அவரே மூடிவிடுவார். அன்று நல்ல மனநிலையில் இருந்தார். ரிமோட்டின் முதுகில் இருந்த திருகுகளைக் கழற்றினார். உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. ஒரு சின்ன ஒயர்த் துண்டை எடுத்து, பட்டனுக்கு அடியில் இருந்த இரண்டு முனைகளையும் சேர்த்துப் பற்றவைத்து, அதன் மேல் பிளாஸ்திரி சுற்றினார். காயத்துக்குப் போடுகிற அதே பிளாஸ்திரிதான். பட்டறையில் தினம் யாருக்காவது கை கிழியும் என்பதால் அந்த ரோல் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். கறுப்பு டேப்பைத் தேடுவதற்குள் அதுதான் அகப்படும். எங்கள் வீட்டு மிக்ஸி ஒயர், இஸ்திரிப் பெட்டி ஒயர் எல்லாம் அடிபட்ட ஆள் மாதிரி கட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தன.

"இந்தா, சரி பண்ணிட்டேன்" என்றார்.

மாட்டிப் பார்த்தால் என் ஆள் தானாகவே உதைக்கிறான். நான் எதையும் தொடவில்லை. நிற்காமல் உதைக்கிறான். அண்ணன் ஆள் கிட்டே வரவே முடியவில்லை. எட்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தேன். ஒன்பதாவதில் அண்ணன் ஒண்ணாம் ரிமோட்டால் என் வாயில் அடித்தான். அதன் மூலை பட்டுக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடி, இரண்டு நாளில் விழுந்தது. நான் கேம் பெட்டி மேலிருந்த கேசட்டைப் பிடுங்கி அவன் நெற்றியில் எறிந்தேன். அப்பா பெல்ட்டை எடுத்தார்.

மாமா இடையில் வந்து நின்று, ஒரு அடியைத் தன் முழங்கையில் வாங்கிக்கொண்டார். அப்புறம் ரிமோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சரி பண்ணுனதில்லீங்க மச்சான். அமுக்கியே வெச்சுப்போட்டீங்க."

"வேலை செய்யுதுல்ல? அப்புறமென்ன?" என்றார் அப்பா.

ஜூன் தொடக்கத்தில் பிரஸ்ஸின் இடது பட்டன் மக்கர் செய்தது. ஒரு முறை அமுக்கினால் இறங்காது, மூன்று நாலு முறை அமுக்க வேண்டும். ஆர்டர் தேங்கியது. மாமா நாலு நாளாக புது சுவிட்ச் கேட்டுக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அவர் அன்னூருக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை அப்பா பட்டறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்து கூப்பிட்டார்.

"கண்ணு, அந்தப் பிளாஸ்திரி ரோலை எடுத்துட்டு வா."

ரோல் எப்படியோ வீட்டுக்குள் வந்திருந்தது. கொண்டுபோய்க் கதவருகே கொடுத்தேன். கையைக் கிழித்துக்கொண்டார் போல என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் சோறு பிசைந்து சாப்பிடும்போது விரல்களில் ஒரு கட்டும் இல்லை. அதை நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

திங்கட்கிழமை காலை மாமா வந்ததும், "புது சுவிட்ச் போட்டுட்டேன் மாப்ள, ஓட்டு" என்று அப்பா சொன்னது எனக்குக் கேட்டது. பள்ளிக்கூடம் திறந்திருக்கவில்லை. நானும் அண்ணனும் விளையாடிக்கொண்டிருந்தோம். பிரஸ் தாளம் தப்பாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் டிவியில் படம் குதித்தது, தாளத்தில் வராத ஒரு குதி. அதோடு ஒரு சத்தம். ஆடு கத்துகிற மாதிரி இருந்தது.

ஓடினோம். மாமா மிஷினை விட்டுப் பின்னால் வந்து நின்று, இடது கையை வலது கையால் மணிக்கட்டில் பிடித்துக்கொண்டிருந்தார். இடது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது. மற்ற நாலும் இருந்த இடத்திலிருந்து ரத்தம் அவர் வேட்டியில் கொட்டியது. அச்சுக்குள் மூடித் தகடு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அதற்கடியில் என்ன கிடந்தது என்பதை நான் பார்த்தேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அம்மா வந்து தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டார். மாமா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"தகடு சாஞ்சிருச்சு, அத நிமித்தப் போனேன். இந்தக் கை உள்ளதான இருந்துச்சு. எப்படிங்க இறங்கும்? எப்படிங்க இறங்கும்?"

வலது கை பழக்கத்தில் பட்டன் மேலேயே இருந்திருக்கிறது.

அந்த வாரமே விசாரிக்க அரசாங்கத்திலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். மாமா ஆஸ்பத்திரியில் இருந்தார். பிரஸ்ஸுக்குக் கரண்ட் இல்லை, அப்பா ஃப்யூஸைப் பிடுங்கி வைத்திருந்தார். ஆபீசர் டீயைக் குடித்துக்கொண்டே சுவிட்ச் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "ரெண்டு பட்டனும் அமுக்காம இறங்காதுன்னா, ஒரு கை எப்படிங்க உள்ள போச்சு?" என்று கேட்டார்.

அப்பா காலி டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு, "அவன் முட்டியால அமுக்குவானுங்க சார். எத்தனையோ சொல்லியாச்சு. காலு சும்மா இருக்காது அவனுக்கு" என்றார். ஆபீசர் நம்பாத மாதிரிப் பார்த்தார். அப்போதுதான் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, இங்க வா. மாமன் கேம் எப்படி விளையாடுவான்னு சாருக்குக் காமி."

நான் ஓடிப்போய் இரண்டு ரிமோட்டையும் கொண்டுவந்தேன். பட்டறைத் தரையில் உட்கார்ந்து, ஒன்றைக் கையில் வைத்து, இன்னொன்றைக் காலடியில் வைத்து, பெருவிரலால் டக் டக்கென்று அமுக்கிக் காட்டினேன். ஆபீசர் சிரித்துவிட்டார். எனக்கும் பெருமையாக இருந்தது.

"மிஷின்லயும் மாமா இப்படிக் காலை வெச்சு அமுக்குவாரா? நீ பாத்திருக்கியா பாப்பா?"

அப்பாவின் கை என் தலை மேல் வந்து உட்கார்ந்தது. பெல்ட் பிடிக்கிற கை. அது தலையைத் தடவிக்கொடுத்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் முறை. அது அங்கேயே இருக்க வேண்டும் போல இருந்தது.

"ஆமாங்க சார்" என்றேன்.

நான் பார்த்ததே இல்லை. கதவோரம் நின்றிருந்த அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. ஆபீசர் ஏதோ எழுதினார். தொழிலாளியின் கவனக்குறைவு. நஷ்ட ஈடு எதுவும் கிடையாது என்று ஆனது.

இரண்டு வாரம் கழித்து மாமா வீட்டுக்கு வந்தார். வந்த அன்று டிவி முன்னால் உட்கார்ந்து, ஒண்ணாம் ரிமோட்டைக் கேட்டார். அண்ணன் மறுபேச்சில்லாமல் கொடுத்தான். நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? விளையாடுவது கட்டைவிரல்தான், ஆனால் அடியில் தாங்கிக்கொண்டிருப்பது மற்ற நாலு விரல்களும். அவருக்குக் கட்டைவிரல் முழுசாக இருந்தது. திசைப் பட்டனில் வைத்து அழுத்தினார், ரிமோட் நழுவி மடியில் விழுந்தது. எடுத்து வைத்தார், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை தொடையில் சாய்த்து வைத்துப் பார்த்தார், அதுவும் விழுந்தது.

"முட்டியால அமுக்கி விளையாடு மாப்ள" என்றார் அப்பா வாசலில் இருந்து. கிண்டல்தானா, இல்லை, எல்லாரும் அதை நம்ப வேண்டும் என்பதற்காகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான் காலை வைக்கலீங்க மச்சான்."

"உன்ர அக்கா மகளே ஆபீசர்கிட்டச் சொல்லிட்டா, பாத்தேன்னு."

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ரிமோட்டை ஒயரோடு சுழற்றி டிவியில் அடித்தார். கண்ணாடி வெடித்துப் புகை வந்தது. அடுத்த அடி கேம் பெட்டி மேல். அது இரண்டாகப் பிளந்தது. ஒயர் அறுந்த பிறகும் வெறும் ரிமோட்டைப் பிடித்துச் சுவரில் அடித்துக்கொண்டே இருந்தார். இடது கையில் கட்டுப் பிரிந்து ரத்தம் சுவரெல்லாம் தெறித்தது. அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார். அன்று மத்தியானமே மாமா அன்னூர் பஸ் ஏறிப் போனார். பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அப்பா போன மாசியில் இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். பட்டறையைக் காலி செய்யும்போது அப்பாவுடைய பீரோவின் அடித்தட்டில், வேட்டியில் சுற்றிக் கனமாக ஏதோ இருந்தது. பிரித்தால் அந்தச் சுவிட்ச் பெட்டி. பிரஸ்ஸை எப்போதோ விற்றாகிவிட்டது. இதை மட்டும் கழற்றி வைத்திருக்கிறார். எறிய மனசு வரவில்லையோ, எறிந்தால் யாராவது திறந்துவிடுவார்கள் என்று பயமோ. அண்ணனிடம் திருப்புளி வாங்கித் திறந்தேன். வலது பட்டனுக்குப் பின்னால் ஒயர்கள் முறைப்படி இருந்தன. இடது பட்டன் பழசு, புதிதாக எதுவும் மாற்றவில்லை. அதன் இரண்டு முனைகளையும் ஒரு ஒயர்த் துண்டு சேர்த்திருந்தது. மேலே பிளாஸ்திரி, மஞ்சள் பூத்து, காய்ந்து.

இடது பட்டனை அமுக்கியே வைத்திருந்தார். மாமாவின் இடது கை அச்சுக்குள் இருந்தபோது, மிஷினுக்கு அது பட்டன் மேல் இருந்தது. நான் அந்தப் பட்டறைத் தரையில் உட்கார்ந்து, செத்துப்போன மனிதரை வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அப்புறம் என்னைத் திட்டிக்கொண்டேன். பிளாஸ்திரியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான், சாட்சி சொன்னதும் நான்.

மறுநாள் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அன்னூருக்குப் போனேன். மாமாவுக்குத் தலை முழுக்க நரை. மாடு, கொஞ்சம் வாழை, பிந்திக் கட்டிய ஒரு மனைவி. அத்தை டீ கொண்டுவந்தார். டம்ளரை மாமாவின் வலது கையில் கொடுத்துவிட்டு, "காலு சும்மா இல்லாம கையைத் தொலைச்ச மனுசன் அம்மணி. இன்னமும் கூட எதை எங்க வெக்கறதுன்னு கவனமில்ல" என்று சிரித்தார். தினமும் சொல்லிப் பழகிய கிண்டல் அது. மாமாவும் சிரித்தார். அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

"நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்" என்றார் மாமா. "எல்லாரும் சொல்றாங்க, நீயும் பாத்தேன்னு சொன்னே. எனக்கே தெரியாம முட்டி பட்டுருச்சோ என்னமோன்னு விட்டுட்டேன்."

நான் பெட்டியை எடுத்து மூடியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை வலது கையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிளாஸ்திரியைப் பார்த்தார். இடது கையில் மிஞ்சியிருந்த கட்டைவிரலால் அதை ஒரு முறை தடவினார். அவர் முகத்தில் ரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். வலது கையில் பெட்டி இருந்ததால் இடது கைதான் வந்தது. என் கன்னத்தில் அறைந்தார். விரலில்லாத அந்தக் கை எலும்போடு வந்து விழுந்ததில் காது அடைத்து, நாக்கில் ரத்தம் கரித்தது. அவர் என்னை அடித்தது அதுதான் முதல் முறை. அப்பாவுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டியது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு வர வேண்டியதும்தான் அது.

மூச்சிரைக்க நின்றார். பிறகு கேட்டார்.

"நான் மிஷின்ல காலை வெச்சு நீ பாத்தியா அம்மணி?"

அதே கேள்வி. இந்த முறை தலை மேல் யாருடைய கையும் இல்லை.

"இல்லீங்க மாமா. நான் பாக்கவே இல்லீங்க."

மாமா பெட்டியைக் கீழே வைக்கவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பி, உடைந்த குரலில் கத்தினார்.

"ஏ புள்ள! இங்க வா. தண்ணி கெடக்கட்டும், வா இங்க."

அத்தை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். என் வாயோரத்து ரத்தத்தைப் பார்த்து மிரண்டார்.

"அவகிட்டச் சொல்லு" என்றார் மாமா. "இப்பச் சொன்னதை மறுபடி சொல்லு."

நான் சொன்னேன்.